மல்லாட்டை கப்பலேறிய கரை: மார்சேய் துறைமுகத்தை மலையடிவாரத்திலிருந்து வாசித்தல்

கடலைப் பற்றிய ஒரு பெரும் புத்தகம் மலையில் தொடங்குகிறது. ஃபெர்னான் ப்ரோதெல் மத்தியதரைக் கடல் உலகத்தைப் பற்றிய தன் நூலின் முதல் வரைவை ஜெர்மானியச் சிறைமுகாமில் இருந்தபடி, பெரும்பாலும் நினைவிலிருந்தே எழுதினார். 1949இல் அது அச்சாயிற்று. கப்பல்களும் போர்களும் அரசர்களும் வருவதற்கு வெகு முன்பாக, முதல் பகுதியிலேயே வாசகரை அவர் மலைமேல் ஏற்றிவிடுகிறார். மலையில் விளைச்சல் குறைவு, வாய் அதிகம். எனவே மலை தன் ஆட்களைக் கீழே இறக்குகிறது. சமவெளிக்கு அறுவடைக்கு, பட்டணத்துக்குக் கூலிக்கு, துறைமுகத்துக்குச் சுமைக்கு. கடலோர நகரங்களை அந்த மலைகள் இல்லாமல் புரிந்துகொள்ள முடியாது என்பது அவருடைய வாதம்.

ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், போளூரில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது ஒரு சந்தோஷமும் ஒரு சங்கடமும் சேர்ந்தே வருகின்றன. நம்முடைய துறைமுக வரலாறுகள் இப்படித் தொடங்குவதில்லை. அவை கடலிலிருந்து கரையைப் பார்க்கின்றன. மார்ட்டிமர் வீலர் 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டி இத்தாலியப் பாத்திரச் சில்லுகளை எடுத்துக் காட்டியதிலிருந்து நமக்கு ஒரே பெருமிதம். யவனன் வந்தான், பொன்னைக் கொட்டினான், மிளகை அள்ளிப் போனான். சரி, மிளகை மலையிலிருந்து யார் தலைச்சுமையாக இறக்கினது? அந்தக் கேள்விக்கு நம் பெருமிதத்தில் இடம் கிடையாது. துறைமுகம் என்றால் வணிகன், கப்பல், சுங்கம், கலங்கரை விளக்கம். சுமந்தவனும் விளைத்தவளும் கரைக்குப் பின்னால் இருட்டில் நிற்கிறார்கள்.

இந்தக் கட்டுரை மார்சேய் நகரத்தின் துறைமுகப் பேட்டைகளைப் பற்றியது. கடலே இல்லாத போளூருக்கும் மத்தியதரைக் கடலின் அந்தப் பழைய துறைக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் நம் கொல்லையில் இருக்கிறது. மல்லாட்டை.

*

முதலில் பெயரைப் பார்ப்போம். ஏட்டில் நிலக்கடலை, வேர்க்கடலை. ஆர்க்காட்டுப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, மல்லாக்கொட்டை. கொஞ்சம் திருத்திச் சொல்பவர் வாயில் மணிலாக்கொட்டை, அல்லது வெறும் மணிலா. பிலிப்பைன்ஸ் தீவுகளின் தலைநகரம்தான் நம் உழவர் வாயில் தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. தென் அமெரிக்காவில் பிறந்த ஒரு செடி, நம்மிடம் ஆசியத் துறைமுகம் ஒன்றின் பெயரைச் சுமந்து நிற்கிறது. இதே கொட்டை இங்கிருந்து கப்பலேறி ஐரோப்பியச் சந்தைக்குப் போனபோது அங்கே அதற்குக் 'கோரமண்டல்' என்று பெயர். எண்ணெயாகி, சவுக்காரமாகி வெளியே வந்தபோது அதன் பெயர் 'மார்சேய் சோப்பு'. மணிலா, கோரமண்டல், மார்சேய். மூன்று பெயரும் கடலோரத்தின் பெயர்கள். வந்தவாசியோ போளூரோ ஆரணியோ பண்ருட்டியோ இந்தப் பெயர்வரிசையில் எங்கும் இல்லை. பொருளுக்குப் பெயரிடும் அதிகாரம் துறைமுகத்துக்கே உண்டு. விளைந்த மண்ணின் பெயரை அழித்துவிட்டு ஏற்றிய இடத்தின் பெயரை எழுதுவது வணிகத்தின் சாதாரண நடைமுறை; அதை நாம் அப்படியே வரலாற்று நடைமுறையாகவும் எடுத்துக்கொண்டுவிட்டோம் என்பதுதான் இங்கே பிரச்சனை.

சவுக்காரத்தின் கதை பதினேழாம் நூற்றாண்டுக்குப் போகிறது. 1688இல் பதினான்காம் லூயியின் பெயரால் ஓர் ஆணை வந்தது. மார்சேய் சோப்பு ஆலிவ் எண்ணெயில் மட்டுமே காய்ச்சப்பட வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் தொழிற்புரட்சிக் காலத்தில் ஆலைகளுக்கு ஆலிவ் போதவில்லை. பாமாயிலில் காய்ச்சினால் சோப்பு மஞ்சளாக வந்தது. பிரெஞ்சு வீடுகள் அதை விரும்பவில்லை. 1840களிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் கடற்கரையிலிருந்து நிலக்கடலை மார்சேய்க்கு வரத் தொடங்கியது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. அதன் பிறகு நம் பக்கம் திரும்பினார்கள். பாண்டிச்சேரி பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. 1879இல் விழுப்புரத்திலிருந்து அங்கே ரயில் போட்டாயிற்று. 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை, போளூர் வழியாகக் காட்பாடிப் பக்கம் இருப்புப்பாதை நீண்டது. நம் ஊர் ரயில்நிலையத்தை நாம் ஏதோ திருப்பதிக்குப் போக வந்த வசதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது மூட்டைக்கும் சேர்த்து வந்த வசதி.

தென்னார்க்காட்டில் பெருகிய பயிர் வட ஆர்க்காட்டுக்கும் பரவியது. கேழ்வரகும் கம்பும் வரகும் சாமையும் இருந்த செம்மண் கொல்லைகளில் மல்லாட்டை ஏறியது. நிலத்தீர்வையைப் பணமாகக் கட்ட வேண்டிய குடியானவனுக்குத் தின்கிற தானியத்தைவிட விற்கிற கொட்டை வசதி; அல்லது வசதி என்று தோன்றியது. விதைக்கும்போதே மண்டிக்காரரிடமிருந்து முன்பணம், அறுவடையில் அவர் சொல்லும் விலை. மண்டிக்காரர் தானாக விலை சொல்லவில்லை. அவருக்கு மேலே பாண்டிச்சேரி ஏற்றுமதி முகவர், அவருக்கு மேலே மார்சேய் எண்ணெய் ஆலை. ஆனி ஆடியில் மழை பெய்ததா என்று வானத்தைப் பார்த்த மனிதன், தான் பார்க்க முடியாத ஒரு கரையின் விலைப் பலகைக்கும் சேர்த்துக் கட்டுப்பட்டான். 1890களின் பிற்பாதியில் நோயாலும் விதை நலிவாலும் சாகுபடி வெகுவாகச் சுருங்கியது. மீண்டது 'மொரீஷியஸ்' என்ற ரகம் வந்த பிறகுதான். ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து 1830கள் தொட்டு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போன அதே தீவின் பெயர். ஆள் போன இடத்திலிருந்து விதை திரும்பி வந்தது.

ஆள் போன கதையிலும் பாண்டிச்சேரிக்குப் பங்கு உண்டு. 1853இல் 'ஒரேலி' என்ற கப்பல் மார்த்தினிக் தீவுக்கு முதல் தொகுதித் தமிழர்களைக் கொண்டுபோய் இறக்கியது. அடுத்த ஆண்டு குவாதலூப்புக்கு. பிறகு ரெயூனியோனுக்கும் இந்தத் தீவுகளுக்குமாகப் பாண்டிச்சேரி, காரைக்கால் கரையிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்களை ஏற்றினார்கள். பிரிட்டிஷ் அரசு 1880களில் தடுக்கும் வரை இது நடந்தது. கூலி என்றால் நமக்கு உழைப்புக்குக் கிடைக்கிற காசு. துறைமுகக் காகிதத்தில் அந்தச் சொல் உழைக்கிற ஆளையே குறித்தது. சம்பளத்தின் பெயரையே மனிதனுக்கு வைத்துவிட்டார்கள்.

இன்னொன்றை நின்று பார்க்க வேண்டும்: தோல் உரிப்பு. செனகலிலிருந்து கொட்டை தோலோடு போனது. இங்கிருந்து உரித்த பருப்பாகப் போனது. தோலோடு அனுப்பினால் இடம் அடைக்கும், கப்பல் கூலி ஏறும். உரித்தது யார்? பெண்கள். நிலம் இல்லாத வீடுகளின் பெண்கள், சேரிப் பெண்கள், அவர்களோடு பிள்ளைகளும். காய்ந்த மல்லாட்டையைக் கையால் உடைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு படி உடைப்பதற்குள் கட்டைவிரல் நகக்கண் வெந்துபோகும். ஆகவே தண்ணீர் தெளித்து ஊறவைத்து உடைத்தார்கள். தோல் இளகும், பருப்பும் நொறுங்காது. ஈரப் பருப்பு மூட்டையில் எடையும் கூடிக் காட்டும் என்பதால் வியாபாரிக்கும் அதில் ஆட்சேபம் இருக்கவில்லை. ஆனால் கப்பலின் அடிவயிற்றில், வாரக்கணக்கில், அந்த ஈரம் சூடேறிப் பருப்பு காறிப்போனது. சாப்பாட்டு எண்ணெய்க்கு ஆகாது, சோப்புக்குத்தான் ஆகும். எனவே விலை மட்டம். இதைப் பற்றி அன்றைய வணிகர்களும் விவசாயத் துறை அதிகாரிகளும் ஓயாமல் குறைப்பட்டுக்கொண்டார்கள், உரிக்கும் இயந்திரத்தைச் சிபாரிசு செய்தார்கள். அந்தக் குறைப்பாட்டில் எப்போதும் வருவது சுதேசியின் அலட்சியமும் தகிடுதத்தமும். விரல் வருவதில்லை. மார்சேயில் நம் கொட்டை சோப்புக் கொப்பரைக்குப் போனதா, சமையலறைக்குப் போனதா என்பதைத் தீர்மானித்த காரணங்களில் ஒன்று ஓர் ஆர்க்காட்டுப் பெண்ணின் கட்டைவிரல் என்று எழுதினால் மிகை என்பார்கள். எனக்கு மிகையாகப் படவில்லை.

பாண்டிச்சேரியில் அப்போது கப்பல் கட்டும் துறை கிடையாது, திறந்த கடல்தான். கப்பல் எட்டி நிற்கும். ஆனந்தரங்கப் பிள்ளை பதினெட்டாம் நூற்றாண்டில் தன் நாட்குறிப்பில் எழுதிய அதே சலங்குகள்தான் அலையைக் கடந்து மூட்டைகளைக் கொண்டுபோயின. பிறகு இரும்புக் கால்களின் மேல் ஒரு பாலம் கடலுக்குள் நீட்டப்பட்டது. 1952 புயல் அதை உடைத்தது. மிச்சக் கால்கள் வெகுகாலம் தண்ணீரில் நின்றன. சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்தார்கள்.

*

இனி அந்தக் கரை. மார்சேய் ஏறத்தாழ கி.மு. 600இல் கிரேக்க மாலுமிகள் அமைத்த ஊர். நீள்சதுரமாக நிலத்துக்குள் நுழையும் ஒரு கடல்வாய்; அதுதான் பழைய துறை. அதன் தலைமாட்டில் தொடங்குகிற பெரிய வீதிக்குக் கானபியேர் என்று பெயர். சணலிலிருந்து வந்த பெயர், கப்பல் கயிறு திரித்த இடம். வடகரையில் மேடேறும் பானியே குடியிருப்பு. சந்துகளும் படிக்கட்டுகளுமாக மாலுமிகள், மீனவர்கள், கோர்சிகாத் தீவின் மலைகளிலிருந்து இறங்கியவர்கள், இத்தாலியர்கள் வாழ்ந்த இடம். தென்கரையில் பழைய சோப்புப் பட்டறைகள் இருந்தன. நீராவிக் கப்பலுக்குப் பழைய துறை போதாமல் 1844இல் வடக்கே ஜோலியெத் துறையைக் கட்டத் தொடங்கினார்கள். 1853இல் அது இயங்கியது. அதை ஒட்டி 365 மீட்டர் நீளத்தில் ஒரு கிடங்கு எழும்பியது. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை மீட்டர் என்று அந்த ஊரில் சொல்லிக்கொள்வார்கள். எண்ணெய் ஆலைகளும் சோப்பு ஆலைகளும் துறைமுகத்தின் பின்புறப் பேட்டைகளில் வடக்கு நோக்கி நெருங்கின. நம் கொட்டை போய்ச் சேர்ந்த இடம் இதுதான்.

அந்த ஆலைகளில் பருப்பை நசுக்கியவர்கள் யார்? முதலில் பெரும்பாலும் இத்தாலியர்கள். அதிலும் பீட்மாண்ட் பகுதி மலைகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள் கணிசம். 1881இல் அவர்கள்மேல் ஊரே பாய்ந்தது. நாட்கணக்கில் கலவரம், சாவுகள். பிறகு அதே இத்தாலியர்கள் சங்கம் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஆலை முதலாளிகள் ஒரு வழி கண்டார்கள்: அல்ஜீரியாவின் கபிலியா மலையிலிருந்து ஆட்களை இறக்கினார்கள். பிரான்ஸுக்குப் போன வட ஆப்பிரிக்கத் தொழிலாளர் வரலாறு தொடங்குகிற புள்ளிகளில் ஒன்று இந்த எண்ணெய் ஆலை வாசல். வேலைநிறுத்தக்காரன் விட்ட இடத்தில், குறைந்த கூலிக்கு, இன்னொரு மலைக்காரன். ப்ரோதெல் பதினாறாம் நூற்றாண்டுக்குச் சொன்னதை முதலாளி இருபதாம் நூற்றாண்டில் நடைமுறையாகவே தெரிந்துவைத்திருந்தான்: எந்த மலையில் எப்போது பசி.

இந்தக் கபிலியாக்காரனும் போளூர்க் கொல்லைப் பெண்ணும் ஒரே பருப்பைத் தொட்டவர்கள். ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள வழியே இல்லாதபடி இரண்டு கைகளுக்கும் நடுவில் துறைமுகம் நின்றது. இணைப்பதுதான் துறைமுகத்தின் வேலை என்கிறார்கள். சரக்கை இணைக்கிறது, உண்மை. அதே மூச்சில் ஆட்களைப் பிரித்தும் வைக்கிறது.

1914 ஆகஸ்டில் போர் வந்தது. மார்சேய்க்கு ஏற்றுமதி நின்றது. பெரிய கொள்முதல்காரன் பிரான்ஸ்தான் என்பதால் சென்னை மாகாணத்தில் மல்லாட்டை விலை தரைதட்டியது. அடுத்த மாதம், செப்டம்பர் 26 அன்று, இந்தியத் துருப்புகள் மார்சேயில் வந்து இறங்கத் தொடங்கின. மக்கள் தெருவோரம் நின்று பூக்கொடுத்தார்கள். அந்தப் படங்கள் நிறையக் கிடைக்கின்றன. இந்தியாவிலிருந்து பருப்பு வராத மாதத்தில் இந்தியாவிலிருந்து உடம்புகள் வந்தன. அவற்றில் பல திரும்பவில்லை. ஊரின் தெற்கே மஸார்க் போர்க் கல்லறையில் அவர்கள் இருக்கிறார்கள்.

மார்சேய் கரையில் இந்தியாவை நினைவுகூர்வது என்றால் இன்று இரண்டுதான். ஒன்று இந்தக் கல்லறை. மற்றது 1910 ஜூலை 8: லண்டனிலிருந்து கைதியாகக் கொண்டுவரப்பட்ட சாவர்க்கர் 'மோரியா' கப்பலின் சாளரத்து வழியே குதித்து நீந்திக் கரையேறியதும், பிடிபட்டுக் கப்பலுக்கே திருப்பப்பட்டதும். அந்த வழக்கு ஹேக் நடுவர் மன்றம் வரை போனது. 1911இல் பிரிட்டனுக்குச் சாதகமாக முடிந்தது. 2025 பிப்ரவரியில் இந்தியப் பிரதமரும் பிரெஞ்சு ஜனாதிபதியும் மஸார்க்கில் மலர்வளையம் வைத்தார்கள், மார்சேயில் இந்தியத் துணைத்தூதரகம் ஒன்றைத் திறந்தார்கள். பிரதமர் சாவர்க்கரின் அந்தத் தப்பியோட்டத்தையும் நினைவுகூர்ந்தார். சில நிமிஷ நீச்சலும் வீரச்சாவும் நினைவாகின்றன. தலைமுறைக் கணக்கில் போய் இறங்கிய மூட்டைகளுக்கு நினைவு கிடையாது. தேசியக் கதையாடலுக்கு ஒரு வீரனோ ஒரு பிணமோ வேண்டியிருக்கிறது. மல்லாட்டை உடைத்தவளை வைத்து அது என்ன செய்யும்?

பிரெஞ்சு அரசின் நினைவோ வேறு வகை. புகைவண்டி நிலையமான சேன் ஷார்லிலிருந்து ஊருக்குள் இறங்கும் பெரும் படிக்கட்டை 1927இல் திறந்தார்கள். அதில் லூயி பொத்தினெல்லி செதுக்கிய இரண்டு சிலைகள்: ஆசியக் குடியேற்ற நாடுகள், ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகள். இரண்டும் சாய்ந்து படுத்திருக்கும் பெண்கள். படுத்திருக்கும் பெண்! நிலத்தில் குந்தி உட்கார்ந்து கொட்டை உடைத்த பெண்ணுக்குச் சிற்பி கொடுத்த தோரணை இது.

*

துறைமுகப் பேட்டைகளை அரசுகள் எப்போதும் அழுக்கென்றே பார்த்திருக்கின்றன. அழுக்கு என்று சொல்லிவிட்டால் இடிக்கலாம். மார்சேயில் இது மூன்று முறை நடந்தது.

1860களில், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், பழைய துறையையும் புதிய ஜோலியெத்தையும் நேர்க்கோட்டில் இணைக்க ஒரு பேரரச வீதி வெட்டினார்கள். நடுவிலிருந்த மேட்டையே அறுத்துக்கொண்டு போனது வீதி, ஆயிரக்கணக்கானோர் வீடிழந்தார்கள். பணக்காரர் வருவார்கள் என்று கட்டிய மாளிகைகளுக்குப் பணக்காரர் வரவில்லை. கடைசியில் தொழிலாளிகளே வாடகைக்கு வந்தார்கள். இன்று அதன் பெயர் குடியரசு வீதி.

இரண்டாவது 1943. ஜனவரி 22 முதல் 24 வரை ஜெர்மானியர்களும் விஷி அரசின் காவல்துறையும் சேர்ந்து பழைய துறைப் பகுதியைச் சுற்றிவளைத்தார்கள். அந்தக் காவல்துறையின் தலைவர் ரெனே பூஸ்கே. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ எண்ணூறு யூதர்கள் சோபிபோர் கொலைமுகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். பிப்ரவரியில் வெடி வைத்தார்கள். 14 ஹெக்டேர், சுமார் 1500 கட்டிடங்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது, அந்தக் குடியிருப்பை அகற்ற வேண்டும் என்ற நகரத் திட்டங்கள் நாஜிகள் வருவதற்கு முன்பே பிரெஞ்சு மேசைகளில் இருந்தன என்பது. வெடியை நாஜி வைத்தான். இடிக்கத் தகுந்த இடம் என்ற சொல்லாடல் அதற்கு முன்பே தயாராக இருந்தது. பூஸ்கே போருக்குப் பின் வங்கித் தொழிலில் நன்றாகவே இருந்தார். 1993இல் விசாரணைக்கு முன்பே ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்த அழிக்கப்பட்ட பகுதியை முன்பு எழுதிவைத்தவர் ஒரு ஜமைக்காக்காரர். க்ளோட் மெக்கேயின் 'பாஞ்சோ' நாவல் 1929இல் வந்தது. வேலை கிடைத்த நாளில் மூட்டை தூக்கி, கிடைக்காத நாளில் கரையில் கிடந்து, பாடிக்கொண்டும் அடித்துக்கொண்டும் திரிகிற கறுப்பு மாலுமிகளின் நாவல். நம் சிற்றிதழ்களில் மார்சேய் என்றால் வால்டர் பெஞ்சமின் கஞ்சா பிடித்த ராத்திரி நினைவுக்கு வருகிற அளவுக்கு மெக்கே வருவதில்லை. பெஞ்சமின்மேல் குறையில்லை, 1940இல் அதே ஊரில் ஹன்னா அரெண்டைச் சந்தித்துத் தன் கையெழுத்துப் பிரதிகளைக் கொடுத்துவிட்டு எல்லையில் சாகப் போன மனிதர். ஆனால் கரையில் அலைபவனுக்கும் கரையில் சுமப்பவனுக்கும் வித்தியாசம் இருக்கிறது. நாம் அலைபவனையே மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது இடிப்பில் வெடி இல்லை. 1995இல் பிரெஞ்சு அரசு யூரோமெடிடெரானே என்ற பெருந்திட்டத்தை ஜோலியெத் பக்கம் தொடங்கியது. 2013இல் மார்சேய் ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகரமானது. பழைய துறையின் வாயில் பெரிய அருங்காட்சியகம் திறந்தது. 365 மீட்டர் கிடங்கு இப்போது அலுவலகங்களும் கடைகளும். குடியரசு வீதியின் வீடுகளை 2004இல் ஓர் அமெரிக்க முதலீட்டு நிதி மொத்தமாக வாங்கியது. நெடுநாள் வாடகைக்காரர்களுக்குக் காலிசெய்யச் சொல்லிக் கடிதம் போயிற்று. குடியிருப்போர் சங்கம் அமைத்துப் போராடினார்கள். பழைய துறைக்கு நடந்துபோகிற தூரத்தில், நோவாய் பகுதியின் ஒபாஞ் தெருவில், 2018 நவம்பர் 5 அன்று பராமரிப்பில்லாத இரண்டு கட்டிடங்கள் இடிந்து 8 பேர் செத்தார்கள். கரை பளபளக்க, அதன் பின்தெரு சரிந்தது.

பாண்டிச்சேரியில் நடப்பதும் இதுதானே. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வெள்ளை நகரம், அந்தப் பக்கம் கறுப்பு நகரம் என்று காலனியம் பிரித்த ஊர். விடுதலைக்குப் பின் அந்தப் பெயரைச் சொல்லவே கூச்சப்பட்டோம். இப்போது விடுதிப் பலகைகளில் 'ஒயிட் டவுன்' என்று பெருமையாக எழுதியிருக்கிறது. மல்லாட்டை மூட்டை அடுக்கியிருந்த கரையில் காப்பிக்கடை.

இரண்டு கரைகளும் ஒருமுறை ஒரே குரலில் பேசின என்பதையும் சொல்ல வேண்டும். 1936 மே, ஜூனில் பிரான்ஸ் முழுக்க வேலைநிறுத்தம். மக்கள் முன்னணி அரசு வந்தது, தொழிலாளிக்கு உரிமைகள் கிடைத்தன. அதே அரசின் கொடி பறந்த பாண்டிச்சேரியில், ஜூலை 30 அன்று, சவானா ஆலைத் தொழிலாளர்கள்மேல் துப்பாக்கிச் சூடு. 12 பேர் இறந்தார்கள். வ. சுப்பையாவின் தலைமையில் நடந்த போராட்டம் அது. எட்டு மணி நேர வேலை அந்த ரத்தத்துக்குப் பிறகே இங்கு வந்தது. பாரிஸில் ஒப்பந்தமாகக் கிடைத்தது பாண்டிச்சேரியில் சாவாகிப் பிறகு கிடைத்தது. 1949, 50இல் மார்சேய் துறைமுகத் தொழிலாளர்கள் வியட்நாம் போருக்கான ஆயுதங்களை ஏற்ற மறுத்தார்கள். அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்த செனகல்காரர் செம்பேன் உஸ்மான் அந்தக் கரையிலிருந்துதான் 1956இல் 'கறுப்புத் துறைமுகத் தொழிலாளி' நாவலை எழுதினார். பிறகு ஆப்பிரிக்க சினிமாவின் முன்னோடியானார். நிலக்கடலை போன வழியிலேயே போனவர். ஏற்றமாட்டோம் என்று ஒரு கரை சொல்ல முடியும் என்பதை அந்த வேலைநிறுத்தம் காட்டியது. அதே நேரத்தில் சைகோனில் பிரெஞ்சு அரசின் சிப்பாய்களாகவும் குமாஸ்தாக்களாகவும் இருந்தவர்களில் நம் பாண்டிச்சேரித் தமிழர்களும் உண்டு. இதையும் மறைக்க வேண்டியதில்லை.

*

1930களின் விலைவீழ்ச்சிக்குப் பிறகு ஏற்றுமதி தளர்ந்தது. உள்ளூர் எண்ணெய் ஆலைகளும் வனஸ்பதியும் பருப்பை எடுத்துக்கொண்டன. மார்சேயில் பழைய முறையில் சோப்பு காய்ச்சும் ஆலைகள் இன்று விரல்விட்டு எண்ணக்கூடியவை. கட்டியில் '72 சதம்' என்று முத்திரை. ஆலிவ் மரம் படம்போட்ட காகிதம். 1688 ஆணை விளம்பரமாகிவிட்டது. இடையில் போன நூறு வருஷத்து ஆப்பிரிக்கக் கொட்டையும் ஆர்க்காட்டுக் கொட்டையும் அந்தக் காகிதத்தில் இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் இன்றும் மானாவாரியில் மல்லாட்டை போடுகிறார்கள். ஆரணியைப் பார்பரா ஹாரிஸ் 1970களிலிருந்து ஆராய்ந்துவருகிறார். மண்டி, முன்பணம், தரகு என்ற அதே சங்கிலி எப்படியெல்லாம் உருமாறுகிறது என்று அந்த ஆய்வுகளில் பார்க்கலாம்.

மலைக்கு வருவோம். ஜவ்வாது மலையின் பழங்குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தோடு தொடர்பில்லை, மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர். சாமையும் புளியும் தேனும் பலாவும் இறங்கும் சந்தைகளில் ஒன்று போளூர். சந்தனம் இருந்த காடு, வெட்டித் தீர்த்தாயிற்று. இப்போது மலையிலிருந்து அதிகம் இறங்குவது ஆள். திருப்பூருக்கு, கேரளத்துக்கு, பெங்களூருக்கு. தரகர் வந்து முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போவார்; சில நேரம் எங்கே, என்ன வேலை என்பது வண்டி ஏறிய பிறகுதான் தெரியும். செம்மரம் வெட்ட ஆந்திரக் காட்டுக்குப் போனவர்கள் அப்படிப் போனவர்கள். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் ஆந்திரச் சிறப்புப் படை சுட்டு 20 பேர் இறந்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டுக்காரர்கள், பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தவர். ஜவ்வாது மலைக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். மோதல் என்றது போலீஸ். கட்டிவைத்துச் சுட்டது என்றார்கள் மனித உரிமை அமைப்பினர்.

மரம் காட்டில் முடிவதில்லை. அதுவும் துறைமுகத்துக்குத்தான் போகிறது, சீனா நோக்கி. சென்னைத் துறைமுகத்தில் அவ்வப்போது கண்டெய்னரோடு பிடிபடுகிறது. பிடிபடும்போது காகிதத்தில் வேறு ஏதோ சரக்கின் பெயர் இருக்கும். ஏற்றிய இடம் என்ற கட்டத்தில் சென்னை என்று இருக்கும்.